மீளும் வழியும் மாற்றும் உரிமையும்

தான் அமர்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டியவனின் கதை நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அக்கதையைக் கேட்டுச் சிரியாதார் இலர். ஆயினும், அவன் செய்த பிழை கோடரியை எடுத்ததன்று. எங்கே அமர்ந்திருக்கின்றான் என்பதை நோக்காது எடுத்ததே அவன் பிழை. மரம் தறிப்பதே தவறாயின் உலகில் வீடும் இல்லை, வள்ளமும் இல்லை. இருக்கையை மாற்றிக்கொண்டு வெட்டியிருப்பின் அவனை எவரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்.

கணனித் துறையிற் பணிபுரிவோருட் பலர் இக்கிளையில் நாள்தோறும் அமர்கின்றனர். நூறு மைல் தொலைவில், பூட்டிய மண்டபமொன்றினுள் இயங்கும் சேவையகத்தின் உட்கருவை, வலையமைப்பு என்னும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாற்றுகின்றனர். அக்கயிறு கட்டப்பட்டிருப்பது அவ்வுட்கருவிலேதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இக்கட்டுரை அவர்களுக்கு எதிராக எழுதப்படுகின்றது. ஒரு காலத்தில் அவர்களுள் ஒருவனாக இருந்தவனே இதனை எழுதுவதால், இதிற் காணப்படும் கடுமையில் முதற் பங்கு எனக்கே உரியது.

நான் நிறுவ விரும்புவது ஒன்றே. தொலைவிலுள்ள கணனியொன்றின் கருனியை மாற்றும் உரிமை, மாற்றும் திறமையால் மாத்திரம் வருவதன்று. மாற்றம் தோல்வியுறுமாயின், மனிதர் எவரும் சென்று தொடாமலே அக்கணனி பழைய நிலைக்கு மீளும் வழியை முன்னரே அமைத்து, அவ்வழியையும் சோதித்து அறிந்திருப்பதால் வருவது. வழியமைக்காது மாற்றுபவன் சோதனை செய்பவனல்லன், சூதாடுபவன். அச்சூதிற் பணயமாக வைக்கப்படுவது அவனுடைய பொருளுமன்று.

கருனியின் தனித்தன்மை

கருனி என இன்று தமிழில் வழங்கப்படுவது ஆங்கிலத்திற் கேர்னல் எனப்படுவதாகும். வன்பொருளுக்கும் ஏனைய மென்பொருள்களுக்கும் இடையே நின்று, வன்தட்டிலிருந்து வாசிப்பதும், நினைவகத்தைப் பங்கிடுவதும், வலையமைப்பு அட்டையூடாக வரும் செய்திகளை ஏற்பதும் அதன் தொழில்கள். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருனி இன்று உலகின் சேவையகங்களுட் பெருந்தொகையானவற்றில் இயங்குகின்றது. இக்கட்டுரையில் அதனையே பெரிதும் கருத்திற் கொள்கின்றேன்.

சேவையகத்தில் இயங்கும் ஏனைய மென்பொருளொன்று பழுதுறுமாயின், நிர்வாகி வலையமைப்பூடாக உட்சென்று அதனைத் திருத்தலாம். அறையில் ஒரு பொருள் உடைந்தது; வாசற்கதவு திறந்தே இருக்கின்றது. கருனி பழுதுறும்போது நிலைமை வேறு. உட்செல்லும் வாசலும், வாசலைத் திறக்கும் கையும், திறக்குமாறு கூறும் குரலைக் கேட்கும் செவியும் ஒருங்கே இல்லாது போகின்றன. கணனிக்கு முன்னால் அமர்ந்திருப்பவனுக்கு இது சிறு தொல்லை. பொத்தானை அழுத்திப் பழைய கருனியைத் தெரிவு செய்வான். தொலைவில் இருப்பவனுக்கோ அக்கணனி அக்கணமே ஓர் இரும்புப் பெட்டி. ஒரே மாற்றம் இரண்டு இடங்களில் இரு வேறு விளைவுகளைத் தருகின்றது. ஆகவே அவற்றிற்குரிய ஒழுங்கும் இரு வேறாக இருத்தல் வேண்டும். இவ்வெளிய உண்மையை நாம் ஏற்க மறுத்தலே இங்கு கண்டிக்கப்படுவது.

ஓர் இரவு

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கல்வி நிறுவனத்திற் கணனி உதவியாளனாகப் பணியாற்றினேன். மாணவர் தம் ஒப்படைகளைச் சமர்ப்பிக்கும் சேவையகமொன்று என் பொறுப்பில் இருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு, நிறுவனத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள என் வீட்டிலிருந்தவாறு, புதிய கருனியொன்றைத் தொகுத்து நிறுவி, மீளத் தொடங்குமாறு கட்டளையிட்டேன். ஒப்படைகளுக்குரிய இறுதி நாள் மறுநாளாகிய ஞாயிறு என்பதை நான் அறிவேன். அறிந்தும் செய்தேன். ஐந்து நிமிடங்களில் முடியும் வேலை என்பதே என் எண்ணம்.

கணனி மீளவில்லை. பத்து நிமிடம் பார்த்தேன். அரை மணி நேரம் பார்த்தேன். நள்ளிரவுக்குப் பின் காவலாளியைத் தொலைபேசியில் எழுப்பினேன். மண்டபத்தின் திறப்பு அவரிடம் இல்லை. கண்ணாடிக் கதவினூடாகப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாப் பெட்டியிலும் வெளிச்சம் எரியுது. நீங்கள் எந்தப் பெட்டியைக் கேக்கிறீங்கள்?" என்றார். அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. மறுநாட் காலை, திறப்பை வைத்திருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் தம் ஊரிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறி வந்து சேர்ந்தார். திரையில், மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியுடன் கருனி நின்றிருந்தது. தொடக்க வேளையில் நினைவகத்தில் ஏற்றப்படும் படிமத்தில் வன்தட்டுக் கட்டுப்படுத்திக்குரிய இயக்கியை நான் சேர்க்கவில்லை. அவர் பொத்தானை அழுத்தினார். பழைய கருனியைத் தெரிந்தார். இரண்டு நிமிட வேலை. பின்னர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "இதுக்குத்தானா தம்பி?" என்று மாத்திரம் கேட்டார். அன்று அவருடைய தந்தையாரின் ஆட்டைத் திவசம் என்பதைப் பிறர் சொல்லியே பின்னர் அறிந்தேன்.

திங்கட்கிழமை என்னை எவரும் கண்டிக்கவில்லை. மாறாக, இரவு முழுதும் விழித்திருந்து சேவையகத்தை மீட்டவன் எனப் பாராட்டினர். நோயை உண்டாக்கியவனே மருத்துவன் எனக் கொண்டாடப்பட்டான். இப்பாராட்டே நம் துறையின் பெருங் குறைபாடு என இன்று கருதுகின்றேன். நள்ளிரவில் விழித்திருப்பவனை நாம் வீரனென்கின்றோம். அவன் விழித்திருக்க வேண்டாதவாறு மாலையிலேயே வழியமைத்துவிட்டு உறங்கச் சென்றவனை நாம் காண்பதேயில்லை. ஏனெனில் அவனிடம் சொல்வதற்குக் கதை இல்லை.

"ஓடுவதைத் தொடாதே" என்போர்

இவ்வாறான அனுபவங்களைக் காட்டி, கருனியை மாற்றாதிருத்தலே அறிவுடைமை என வாதிடும் ஒரு சாரார் உளர். தம் சேவையகம் ஆயிரம் நாட்களாக ஒருமுறையேனும் நிறுத்தப்படவில்லை என்பது அவர்களின் பெருமை. துணிச்சற்காரரினும் இவர்கள் ஆபத்தானவர்கள் என்பது என் கருத்து. துணிச்சற்காரரின் பிழை உடனே வெளிப்படும். இவர்களின் பிழை வட்டியுடன் வெளிப்படும்.

முதலாவதாக, கருனியிலும் பாதுகாப்புக் குறைகள் உள. 2016 ஒக்டோபரில் வெளியான 'டேர்ட்டி கௌ' என்னும் குறைபாடு, 2007 இல் வெளிவந்த 2.6.22 ஆம் பதிப்பு முதலாகக் கருனியில் மறைந்து கிடந்தது. 2022 மார்ச்சில் வெளியான 'டேர்ட்டி பைப்' 5.8 ஆம் பதிப்பிற் புகுந்தது. இரண்டும், கணனியிற் சாதாரண அனுமதி மாத்திரம் பெற்ற ஒருவன் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இடமளித்தன. நூற்றுக்கணக்கான மாணவர் உட்புகும் ஒரு சேவையகத்தில் இத்தகைய குறையைத் திருத்தாது விட்டு, நாட்களை எண்ணி மகிழ்தல் பெருமையாகுமா? இயங்கும் கருனியை நிறுத்தாமலே ஒட்டுப் போடும் முறை 2015 இல் வெளிவந்த 4.0 ஆம் பதிப்பு முதல் லினக்ஸில் உண்டு என்பர். உண்மை, ஆயின் எல்லா மாற்றங்களையும் அம்முறையாற் செய்தல் இயலாது.

இரண்டாவதாக, நீர் தொடாவிடினும் மின்சாரம் தொடும். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததைத் தொடர்ந்து நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. மின்கலங்கள் தீர்ந்தபின் ஆயிரம் நாள் ஓடிய சேவையகமும் அணைந்தே தீரும். மின்சாரம் மீண்டும் வரும்போது அது எக்கருனியுடன் எழும்? தானியங்கும் முறையில் மாதந்தோறும் புதிய கருனிகள் வன்தட்டில் நிறுவப்பட்டு, ஒருமுறையேனும் இயக்கிப் பார்க்கப்படாது கிடக்கும் கணனிகள் பல. அவற்றின் சோதனையை நிர்வாகி தள்ளிப்போட்டார். குரங்கு நடத்தி வைக்கின்றது. சோதனை நிகழுமா நிகழாதா என்பது நம் தெரிவன்று. நாம் ஆயத்தமாயிருக்கும் வேளையில் நிகழ்வதா, ஆயத்தமற்ற வேளையில் நிகழ்வதா என்பது மாத்திரமே நம் தெரிவு.

வழி என்பது யாது?

மீளும் வழி என நான் கூறுவது ஏதோ அரிய தந்திரமன்று. அதன் உறுப்புகள் யாவும் இலவசமாகக் கிடைப்பன; பெரும்பாலும் கணனியில் ஏற்கெனவே உள்ளன.

முதல் உறுப்பு, புதிய கருனியை 'அடுத்த ஒரு முறைக்கு மாத்திரம்' எனத் தெரிவு செய்தல். கணனி எழும்போது எக்கருனியை ஏற்றுவது என்பதைத் தீர்மானிப்பது தொடக்க ஏற்றி. அதனிடம், 'வழக்கமாகப் பழையதை ஏற்று. இம்முறை மட்டும் புதியதை ஏற்று' எனக் கூற முடியும். இன்று பரவலாக வழங்கும் கிறப் என்னும் ஏற்றியில் 'கிறப்-ரீபூட்' என்னும் கட்டளை இதற்கெனவே உள்ளது. ஏற்றி அக்குறிப்பை வாசித்ததும், புதிய கருனியிடம் பொறுப்பை ஒப்படைக்கு முன்னரே அக்குறிப்பை அழித்துவிடும். ஆகவே புதியது தோற்று, கணனி எக்காரணத்தாலேனும் மீளத் தொடங்கினால் எழுவது பழையதே. இது நேற்றைய கண்டுபிடிப்புமன்று. கிறப்புக்கு முன்னர் வழங்கிய லைலோ என்னும் ஏற்றியிலும் இதற்கு வழியிருந்தது. ஃபிறீபிஎஸ்டி முறைமையில் 'நெக்ஸ்ற்பூட்' என்பது இதே பணியைச் செய்கின்றது. நிறுவிய மறுகணமே புதியதை நிரந்தரத் தெரிவாக்குபவர், வசதியின்மையால் அன்று, சோம்பலாலேயே அவ்வாறு செய்கின்றார்.

ஆயின் கணனி மீளத் தொடங்கினால்தானே பழையது எழும்? இங்கேதான் இரண்டாவது உறுப்பு வேண்டப்படுகின்றது. லினக்ஸ் கருனி, தன்னால் மேற்கொண்டு இயங்க முடியாது எனக் கண்டு திகைத்து நிற்கும் நிலையைப் 'பனிக்' என்பர். வேறு கட்டளை இல்லாவிடின், அந்நிலையில் அது முடிவின்றி நிற்கும். மனிதனொருவன் திரையை வாசிப்பான் என்பது அதன் எதிர்பார்ப்பு. தொடக்கத்தின்போது வழங்கும் கட்டளை வரியில் 'பனிக்' என எழுதிப் பத்து எனச் சமன்படுத்தினால், பத்து வினாடி பொறுத்துத் தானே மீளத் தொடங்கும். இவ்விரண்டு உறுப்புகளையும் அந்தச் சனிக்கிழமை நான் அமைத்திருந்தால், சில நிமிடங்களிற் பழைய கருனி எழுந்திருக்கும். உத்தியோகத்தர் தம் தந்தையாருக்குரிய கடனை ஆற்றியிருப்பார். ஒரு வரிக்கும் ஒரு கட்டளைக்கும் ஈடாக ஒரு மனிதனின் ஒரு நாளை நான் செலவிட்டேன்.

மூன்றாவது, திகைக்காமலே உறைந்துபோகும் கருனிக்கு உரியது. இதற்கு வன்பொருளில் அமைந்த காவற் கடிகாரம் வேண்டும். வாட்ச்டோக் எனப்படும் இக்கருவியைக் குறித்த இடைவெளியில் மென்பொருள் தட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். தட்டாது விட்டால் அது கணனியை மீளத் தொடக்கும். மென்பொருளால் மாத்திரம் ஆக்கப்பட்ட காவற் கடிகாரமும் உண்டு. ஆனால் அது கருனிக்குள்ளேயே வாழ்வதாகையால், கருனி முற்றாக உறையும்போது அதுவும் உறையக்கூடும். வன்பொருட் கடிகாரமும் பொதுவாகத் தன் இயக்கி ஏற்றப்பட்ட பின்னரே காவல் தொடங்கும். அதற்கு முன் உறைந்தால் அதனாற் பயனில்லை. அந்நிலைக்கென்றே பல சேவையகங்களில் ஐ.பி.எம்.ஐ. எனப்படும் தனி மேலாண்மைக் கருவி, தனி வலையமைப்பு வாசலுடன் பொருத்தப்பட்டுள்ளது. முதன்மைக் கணனி செத்துக் கிடக்கும்போதும் இதனூடாக மின்சாரத்தை நிறுத்தி மீளக் கொடுக்கலாம். இவ்வாசல் கம்பி இணைக்கப்படாமல் தூசி படிந்து கிடப்பதை ஓரிடத்தில் அன்று, பல இடங்களிற் கண்டிருக்கின்றேன்.

நான்காவது, மிக நுண்ணிய நிலைமைக்கு உரியது. புதிய கருனி குறையின்றி எழுகின்றது. வலையமைப்பு அட்டையின் இயக்கி மாத்திரம் இயங்கவில்லை. கணனி தன்னளவில் நலம். திகைப்புமில்லை, உறைவுமில்லை, காவற் கடிகாரமும் அமைதியாக இருக்கின்றது. ஆனால் நமக்கு அது இறந்ததற்குச் சமம். இதற்கு மருந்து காலக்கெடு: புதிய கருனி எழுந்து பதினைந்து நிமிடங்களுக்குள் நிர்வாகி வெளியிலிருந்து உட்புகுந்து 'நலம்' என உறுதி செய்யாவிடின், தானே மீளத் தொடங்குமாறு ஏற்பாடு செய்தல். இக்கெடுவைப் புதிய கருனி எழும் வேளையிலே தொடங்குமாறு எழுதிவைத்தல் வேண்டும். பழைய கருனியில் இருந்தவாறு விதித்த கெடு, மீளத் தொடங்கியதும் மறைந்துவிடும். வலையமைப்புத் துறையினர் இதனை நன்கறிவர். சிஸ்கோ வழிப்படுத்திகளிற் குறித்த நிமிடங்களில் மீளத் தொடங்குமாறு முன்கூட்டியே கட்டளையிட்டுவிட்டு மாற்றம் செய்வதும், மாற்றம் நன்றாயின் அக்கட்டளையை நீக்குவதும் வழக்கம். ஜூனிப்பர் வழிப்படுத்திகளில் 'உறுதி செய்யப்படும் வரை தற்காலிகம்' என மாற்றத்தை இட முடியும். வேறு காலம் குறிக்காவிடின் பத்து நிமிடங்களில் அது பழையதற்கு மீளும்.

வழியும் சோதிக்கப்பட வேண்டும்

இங்ஙனம் நான்கு உறுப்புகளையும் அமைத்தவர் பலர் அவ்வளவில் நிறைவு கொள்கின்றனர். வழி இருப்பதாக நம்புதல் வேறு; வழி இருத்தல் வேறு.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். ஒருமுறைக் குறிப்பைக் கிறப் அழித்துவிடும் என்றேன். அழிப்பதாயின் அது வன்தட்டில் எழுத வேண்டும். அவ்வாறு எழுதும் ஆற்றல் சாதாரண வன்தட்டுப் பகுதியில் மாத்திரமே அதற்கு உண்டு. மென்பொருள் றெயிட் முறையிலோ, எல்.வி.எம். எனப்படும் தருக்கப் பகுதிகளிலோ, இசட்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைமையிலோ எழுத இயலாது என அதன் கையேடே கூறுகின்றது. அந்நிலையிற் குறிப்பு அழியாது நிற்கும். பழுதான கருனியே மீண்டும் மீண்டும் ஏற்றப்படும். வேடிக்கை யாதெனில், வன்தட்டு ஒன்று பழுதுற்றாலும் தரவு பிழைக்க வேண்டுமென்று எச்சரிக்கையுடன் றெயிட் முறையை அமைத்தவரே இப்பொறியில் வீழ்வர்.

மற்றோர் எடுத்துக்காட்டு. பழைய கருனியின் அதே பதிப்பெண்ணுடன் புதியதைத் தொகுத்து நிறுவினால், பழையதற்குரிய இயக்கித் தொகுதிகளின் மேல் புதியவை எழுதப்படும். பின்னர் பழையதற்கு மீண்டு பயன் என்ன? உயிர் இருக்கும், கைகால்கள் இரா. வேறு பெயர் சூட்டித் தொகுத்தல் ஒரு சொல் எழுதும் வேலை. அவ்வாறே, புதிய கருனி மாத்திரம் அறிந்த வசதிகளைக் கோப்பு முறைமையில் உடனே இயக்கிவிட்டால், பழைய கருனி அதனை வாசிக்க மறுக்கக்கூடும். மீளும் பாலத்தைத் தாண்டுமுன் எரித்தலுக்கு இது ஒப்பாகும்.

எனவே மீளும் வழியையும் வேண்டுமென்றே சோதித்தல் வேண்டும். கணனிக்கு அருகில் ஒருவர் நிற்கும் பகற்பொழுதில், நலமாக இயங்கும் கருனியையே கட்டளையிட்டு வீழ்த்திப் பார்க்க வேண்டும். லினக்ஸில் அதற்கும் வசதி உண்டு. கணனி தானே எழுந்து பழைய கருனியுடன் வருமாயின், அன்றே அதனைத் தொலைவிலிருந்து மாற்றும் உரிமையைப் பெற்றோம். வராதாயின், அருகில் நிற்பவர் பொத்தானை அழுத்துவார், நாம் கற்றுக்கொள்வோம். தீயணைப்பு ஒத்திகையை வீடு எரியும்போது நடத்துவாரில்லை.

உலகம் தரும் சான்று

இவை சிறு நிறுவனங்களின் சிறு கவலைகள் என எண்ணுவோர்க்கு மூன்று நிகழ்ச்சிகளைக் காட்டுவேன்.

1976 ஜூலை 20 ஆம் திகதி செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1 என்னும் கலம் ஆறாண்டுகளுக்கு மேலாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. 1982 நவம்பரில், அதன் மின்கலங்களை மின்னேற்றும் மென்பொருளைத் திருத்துவதற்காகப் பூமியிலிருந்து கட்டளை அனுப்பப்பட்டது. அக்கட்டளையிலிருந்த பிழையால், அலைவாங்கியைப் பூமியை நோக்கித் திருப்புவதற்குரிய தரவின் மேல் வேறு எழுதப்பட்டது. அத்துடன் தொடர்பு அறுந்தது, பின்னர் மீளவேயில்லை. திருத்த முனைந்தது மின்கலத்தை; வெட்டியது தாம் பேசிய நாவை.

1997 ஜூலை 4 ஆம் திகதி அதே செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைன்டர் என்னும் கலம் சில நாட்களில் அடிக்கடி தானே மீளத் தொடங்கியது. அதன் பணிகளின் முன்னுரிமை வரிசையில் ஒரு சிக்கல்: முதன்மையான பணியொன்று, முதன்மையற்ற பணியொன்று பிடித்து வைத்திருந்த வளத்திற்காகக் காத்திருக்க, இடைநிலைப் பணி நேரத்தை விழுங்கியது. காவற் கடிகாரம் இதனைக் கண்டு கலத்தை மீளத் தொடக்கியதால், அன்றைய தரவிற் சில இழக்கப்பட்டன, கலம் இழக்கப்படவில்லை. பொறியியலாளர் பூமியிலிருந்த அதன் இணைக் கணனியில் அதே பழுதை மீண்டும் நிகழச் செய்து, காரணத்தைக் கண்டு, அங்கே திருத்திப் பார்த்த பின்னரே செவ்வாய்க்குத் திருத்தத்தை அனுப்பினர். முன்னைய கலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மனித அறிவின் வேறுபாடன்று. இரண்டிலும் மனிதர் பிழை செய்தனர். பிந்தியதிற் பிழைக்குப் பின்னும் மீள்வதற்கு வழியிருந்தது.

மூன்றாவது நம் கண்முன் நிகழ்ந்தது. 2024 ஜூலை 19 ஆம் திகதி, இலங்கை நேரப்படி முற்பகல் 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்றைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்குரிய தரவுக் கோப்பொன்றை உலகெங்குமுள்ள வின்டோஸ் கணனிகளுக்கு அனுப்பியது. அக்கோப்பை வாசிக்கும் பகுதி கருனியின் அதிகாரத்துடன் இயங்குவது. அத்தரவு வகைக்கு 21 புலங்கள் வரையறுக்கப்பட்டிருக்க, நிரல் வழங்கியது 20 மாத்திரமே. இல்லாத இருபத்தோராவதை வாசிக்க முனைந்து கணனிகள் வீழ்ந்தன. 78 நிமிடங்களில் நிறுவனம் கோப்பை மீளப் பெற்றது. ஆயினும் பயனென்ன? ஏறத்தாழ 85 இலட்சம் கணனிகள் பாதிக்கப்பட்டதாக மைக்றோசொவ்ற் மதிப்பிட்டது. அவற்றுட் பெருந்தொகையானவை எழுவதும் வீழ்வதுமாகச் சுழன்றன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மனிதன் சென்று கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் முடங்கின. சில கணனிகளில் முதலிற் பார்த்துப் பின் படிப்படியாகப் பரப்பும் முறை அவ்வகைக் கோப்புகளுக்குக் கைக்கொள்ளப்படவில்லை. நான் என் வீட்டிலிருந்து ஒரு பெட்டிக்குச் செய்ததை, அவர்கள் 85 இலட்சம் பெட்டிகளுக்குச் செய்தனர். அளவு வேறு, குற்றம் ஒன்றே.

மறுப்புகளும் விடைகளும்

இதற்கெல்லாம் நேரமில்லை என்பர். நான்கு உறுப்புகளையும் அமைக்க ஒரு பகல் போதும். ஒருமுறை அமைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். நேரமில்லை என்பவர் குறிப்பது தம் நேரத்தை. பேருந்தில் வருபவரின் நேரம் அக்கணக்கிற் சேர்வதில்லை.

எல்லாவற்றையும் மெய்நிகர் கணனியிற் சோதித்துவிட்டோம் என்பர். அது இன்றியமையாத முதற் படி. தொகுப்புப் பிழைகளுட் பல அங்கேயே அகப்படும். ஆயின் மெய்நிகர் கணனியில் உள்ள வன்தட்டும் வலையமைப்பு அட்டையும் கற்பனையானவை. மண்டபத்திலுள்ள மெய்யான அட்டையைப் பற்றி அவை சாட்சி கூறா. என் பிழையை அத்தகைய சோதனை கண்டுபிடித்திராது.

மேகக் கணிமை வந்தபின் இக்கவலை தீர்ந்தது என்பர். வாடகைக்குப் பெறும் கணனிகளிலும் 2024 ஜூலையில் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணனியிற் பொருத்தித் திருத்தியோர் உளர். பெரு நிறுவனமென்பதால் மீளும் வழி தானே அமைந்துவிடுவதுமில்லை. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் உலகிலிருந்து மறைந்தபோது, முதன்மை வலையமைப்புடன் மாற்று வழியும் பயனற்றுப் போக, பொறியியலாளரை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று என்பதை அந்நிறுவனமே எழுதியது. மீளும் வழி, மாற்றப்படும் பொருளில் தங்கியிருத்தலாகாது.

இம்முறைகள் பெரிய நாடுகளுக்கே பொருந்தும் என்னும் மறுப்பே என்னை மிகவும் சினமூட்டுவது. 2016 இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 7.0 முதலாக, ஒரு கைத்தொலைபேசியில் இரு முறைமைகளை அருகருகே வைத்து, புதியது எழாவிடிற் பழையதற்கு மீளும் ஏற்பாடு உண்டு. நம் சட்டைப் பையிலுள்ள கருவிக்கு உள்ள பாதுகாப்பு, ஆயிரம் மாணவரின் உழைப்பைத் தாங்கும் சேவையகத்திற்கு வேண்டாவாம்! மாற்றுக் கணனியும், இரவில் விழித்திருக்கும் ஊழியரும், உடன் செல்ல வாகனமும் உள்ள செல்வர்க்கு வழியமையாமை ஒரு செலவு மாத்திரம். இவை ஏதுமற்ற நமக்கன்றோ அது பேரிழப்பு? வறுமை வழியமைப்பதற்குத் தடையன்று. வழியமைப்பதற்கான முதற் காரணம்.

பல்கலைக்கழகங்களின் கடமையைச் சுட்டாது இதனை முடித்தல் இயலாது. கருனியை எழுதவும் தொகுக்கவும் நாம் கற்பிக்கின்றோம். மாணவனின் மாற்றம் இயங்கினாற் புள்ளி வழங்குகின்றோம். இயங்காத மாற்றத்திலிருந்து கணனி தானே மீண்டதா என எச்செய்முறைப் பரீட்சையிலேனும் வினவியதுண்டா? வினவுவோமாக. பரீட்சகர் வேண்டுமென்றே பழுதாக்கிய கருனியொன்றை மாணவன் கையிற் கொடுத்து, தொலைவிலுள்ள கணனியில் அதனை நிறுவச் செய்து, கணனி எவர் கையும் படாமல் மீண்டெழுந்தாற் சித்தி, எழாவிடிற் சித்தியின்மை என விதித்தல் வேண்டும். அத்தகைய பரீட்சையில் முதலிற் சித்தியடையாதிருக்கக் கூடியவன் நானே என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

மாற்றத்தை அஞ்சுதல் தேக்கம். மீளும் வழியின்றி மாற்றுதல் பொறுப்பின்மை. பழையது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே புதியதைத் துணிந்து பார்க்க முடியும். அடுத்த முறை 'மீளத் தொடங்கு' என்னும் கட்டளையை எழுதி விரலை விசையின்மேல் வைக்கும் நண்பர், ஒரு கணம் பொறுத்து ஒரு வினாவுக்கு விடை கூறட்டும்: இது எழாவிடின், நாளை எவர் பேருந்தில் ஏற வேண்டும்? எவருமில்லை என விடை கூறக்கூடியவர் மாத்திரம் விசையை அழுத்துக.